நேற்றைய வேகம்

2006ஆம் ஆண்டு இது நடந்தபோது போகிக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது. அப்போது நாங்கள் ராஜகீழ்ப்பாக்கத்தில் வாடகை வீட்டில் குடியிருந்தோம். எனக்குத் திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் இரும்புத் தகடு அடிக்கிற ஒரு சின்ன பிரஸ் ஷாப்பில் சூப்பர்வைசர் வேலை. போக வர பைக்தான். முந்தைய வருடம் வலது மணிக்கட்டு முறிந்து உள்ளே பிளேட் வைத்திருந்தார்கள். ஆக்சிலேட்டரை முறுக்கிப் பிடித்துக்கொண்டு பைபாஸில் பத்து நிமிடம் போனால் போதும், கை மரத்துப்போய்விடும். பாதி வழியில் ஓரங்கட்டி, கையை உதறிவிட்டுத்தான் மேலே போக முடியும்.

அந்த பைக் என் அண்ணனுடையது. மஞ்சள் காமாலையில் அவர் போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. வண்டியை விற்க அண்ணிக்கு மனசு வரவில்லை, சாவியை என்னிடமே கொடுத்துவிட்டார். எனக்கு வண்டி பழக்கியதும் அண்ணன்தான். "முன் பிரேக்ல கையே வெக்காதடா, மூஞ்சி பேந்துடும்" என்பார். அப்படி விழுந்த தழும்பு அவர் முகவாயில் இருந்தது. எங்கள் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் இதையேதான் சொல்வார்கள். பதினைந்து வருடமாகப் பின் பிரேக்கை மட்டுமே மிதித்து ஓட்டி ஓட்டி, முன் பிரேக் என்று ஒன்று இருப்பதையே நான் மறந்துவிட்டிருந்தேன்.

என் கை படும் பாட்டைப் பார்த்து, கூட வேலை செய்பவர் ஒரு பெட்டியைக் கொண்டுவந்தார். துபாயில் இருக்கும் அவருடைய மச்சான் காருக்கென்று வாங்கிய க்ரூஸ் கண்ட்ரோல். காரை விற்றுவிட்டதால் பிரிக்காமலே கிடந்ததாம். ஒரு வேகத்தில் பொத்தானை அமுக்கிவிட்டால், நாம் ஆக்சிலேட்டரைப் பிடிக்கவே வேண்டாம், அதுவே அந்த வேகத்தில் இழுத்துக்கொண்டு போகும். காருக்கு உள்ளதை பைக்கில் மாட்டுவதா என்று யாராவது புத்தியுள்ளவன் கேட்டிருப்பான். எனக்கு அந்த நேரத்தில் புத்தியைவிடக் கைவலிதான் பெரிதாக இருந்தது.

ஜங்ஷனுக்குப் பக்கத்தில் ஷெட் வைத்திருந்த மெக்கானிக்கை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். கைத்தொழிலில் கெட்டிக்காரர். இரண்டு ஞாயிற்றுக்கிழமை அவர் அந்தப் பெட்டியோடு மல்லுக்கட்டினார். வேகத்தைக் கணக்கெடுக்கப் பின் சக்கரத்தில் இரண்டு காந்தம் ஒட்டினார். சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு மெல்லிய கம்பியை எடுத்து, கார்புரேட்டரை நேராக இழுக்கிற மாதிரி மாட்டினார். டேங்க்கின் இடது பக்கம் இரண்டு பொத்தான்கள், ஒன்று சிவப்பு, ஒன்று கறுப்பு.

"சோப்பு பட்டன அமுக்குனா அந்த ஸ்பீடுல புடிச்சுக்கும் சார். இன்னொரு வாட்டி அமுக்குனா வுட்டுடும். கறுப்பு கீதே, அத அமுக்குனா கடசியா எந்த ஸ்பீடுல போனீங்களோ அதுக்கே போயிடும். பெட்டிக்கு ஞாபக சக்தி கீது சார்" என்றார். சிவப்பைத்தான் அவர் சோப்பு என்பார்.

அதற்கு மேலும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். அதற்குள் என் செல்போன் அடித்தது. ஷிஃப்டுக்கு ஆள் வரவில்லை என்று கம்பெனியிலிருந்து. போனைக் காதில் வைத்துக்கொண்டே பாய்க்கு ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினேன். அவர் முன் பிரேக் லீவரை ஒரு விரலால் தட்டித் தட்டிக் காட்டியது மட்டும் ஞாபகம் இருக்கிறது. என்ன சொன்னார் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

அன்றைக்குச் சாயங்காலமே என் மகளை டேங்க் மேல் உட்காரவைத்து பைபாஸுக்குக் கூட்டிப்போனேன். அவளுக்கு ஆறு வயது. அறுபதில் சிவப்புப் பொத்தானை அமுக்கினேன். வண்டி பிடித்துக்கொண்டது. ஆக்சிலேட்டர் பிடி என் கையில் தொளதொளவென்று, கழன்ற கதவுக் கைப்பிடி மாதிரி சும்மா சுற்றியது. அதற்கும் வண்டிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. மேடு வந்தபோது யாரும் முறுக்காமலே எஞ்சின் சத்தம் ஏறியது, இறக்கத்தில் தானாக அடங்கியது. உண்மையைச் சொன்னால் எனக்கே முதுகில் சிலிர்த்தது. ஆனாலும் மகளிடம் கெத்துக் காட்டும் ஆசை யாரை விட்டது? வலது கையைத் தூக்கி அவள் முகத்துக்கு நேரே ஆட்டினேன்.

"அப்பா, நீ ஓட்டல. அப்ப யாருப்பா ஓட்டுறா?"

வாய்க்கொழுப்பில் சொன்னேன்: "பெரியப்பா ஓட்டுறாரு."

அவள் சிரிக்கவில்லை. மெதுவாகத் திரும்பி, என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். வீட்டுக்கு வந்து இறங்கியதும் வண்டியைப் பார்த்து, "டாட்டா பெரியப்பா" என்று கையசைத்துவிட்டு உள்ளே ஓடினாள். என் மனைவி என்னை ஒரு பார்வை பார்த்தாள். "செத்தவங்கள வெச்சு என்னங்க விளையாட்டு?" என்று மட்டும் கேட்டாள்.

மறுநாள் காலை அப்படியொரு பனி. ஐம்பதடிக்கு முன்னால் இருப்பது தெரியவில்லை. எங்கேயோ பிள்ளைகள் போகி மேளம் அடித்துக்கொண்டிருந்தார்கள். எந்தத் தெருவில் என்று புரியவில்லை, ஒரு நேரம் முன்னால் கேட்டது, ஒரு நேரம் பின்னால் கேட்டது. மகளைப் பள்ளிக்கூடத்தில் விடக் கிளம்பினேன். வழக்கம்போல அவள் டேங்க் மேல், புத்தகப் பை அவள் மடியில். ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு முப்பதில் மெயின் ரோட்டுக்கு வந்தேன். பெட்டியைப் பற்றிய நினைப்பே எனக்கு இல்லை.

பை சரிகிறது என்று அவள் அதை இடது பக்கமாக இழுத்து அணைத்துக்கொண்டாள்.

எஞ்சின் சத்தம் ஏறியது.

முதலில் பக்கத்தில் ஏதோ வண்டி முந்துகிறது என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை, வெறும் பனி. பிறகுதான் கையில் ஆக்சிலேட்டர் தொளதொளவென்று ஆடுவது தெரிந்தது. நேற்று ஆடிய அதே ஆட்டம். முன்பக்கமாகத் திருகி மூடினேன். வேகம் குறையவில்லை. நாற்பது ஆனது. பின் பிரேக்கை மிதித்தேன். வண்டி ஒரு கணம் தயங்கி, உறுமிக்கொண்டு இன்னும் பலமாக இழுத்தது. நான் மிதிக்க மிதிக்க அது எனக்கு எதிராகப் போராடுவது மாதிரி இருந்தது. கிளட்சைப் பிடித்தேன். எஞ்சின் போட்ட அலறலில் பயந்துபோய்க் கையை விட்டேன். வண்டி முன்னால் பாய்ந்தது. சாவியைத் திருப்பியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். இப்போது உட்கார்ந்து எழுதும்போது எனக்கும்தான் ஆயிரம் வழி தெரிகிறது. அப்போது தெரிந்ததெல்லாம் என் இரண்டு கைக்கும் நடுவே இருந்த அந்த ரெட்டைச் சடைதான்.

சிவப்புப் பொத்தானைத் தேடினேன். அதை மறைத்துக்கொண்டு புத்தகப் பை கிடந்தது. மகளோ பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உறைந்துபோயிருந்தாள். பனிக்குள்ளிருந்து ஒரு தண்ணீர் லாரியின் பின்பக்கம் வந்தது. சந்திலிருந்து ரிவர்ஸில் வந்து ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றிருந்தது. 'குடிநீர்' என்ற எழுத்து ஒவ்வொன்றும் பெரிதாகிக்கொண்டே வந்தது.

அப்போதுதான் என் மகள் கத்தினாள். என்னைப் பார்த்துக் கத்தவில்லை.

"பெரியப்பா! போதும், நிறுத்துங்க!"

சத்தம் பட்டென்று அடங்கியது. முன் சக்கரம் இறுகியது. லாரியிலிருந்து ஒழுகிய தண்ணீரில் வண்டி வழுக்கி இடது பக்கமாகச் சாய்ந்து, எங்களையும் இழுத்துக்கொண்டு போய் லாரியின் பின் டயரை முட்டி நின்றது. எஞ்சின் அணைந்துவிட்டது. எங்கேயோ அந்தப் போகி மேளம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

பூ விற்கும் அக்கா ஒருவர் ஓடிவந்து மகளைத் தூக்கினார். முழங்காலில் சிராய்ப்பு, அவ்வளவுதான். லாரி டிரைவர் இறங்கி வந்து டயரையும் குழந்தையையும் பார்த்தார்.

"இன்னா சார் நீ, கொயந்தைய முன்னால குந்த வெச்சிகினு இந்தப் பனில இன்னா ஸ்பீடு? வூட்ல சொல்லிகினு வந்தியா?"

வண்டி தானாக ஓடியது என்று யாரிடம் சொல்வது? பிளாட்பாரத்தில் உட்கார்ந்து மகளைக் கட்டிக்கொண்டு அழுதேன். அவள் என் கண்ணைத் துடைத்துவிட்டு, "சொன்ன உடனே நிறுத்திட்டாருப்பா" என்றாள்.

அவளை வீட்டில் விட்டுவிட்டு, வண்டியைத் தள்ளிக்கொண்டு பாயிடம் சண்டைக்குப் போனேன். நடந்ததையெல்லாம் சொல்லி நான் கத்தி முடித்ததும், அவர் வண்டியை சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி ஸ்டார்ட் செய்து, கியரில் போட்டு, கறுப்புப் பொத்தானை அமுக்கிவிட்டு இரண்டடி தள்ளி நின்றார். யாருமே தொடாத வண்டியில் பின் சக்கரம் சுற்றத் தொடங்கியது. சத்தம் ஏறி ஏறி அறுபதில் வந்து நின்றது. காலியான அந்த சீட்டைப் பார்த்து நான் ஓரடி பின்வாங்கினேன்.

"இது நேத்து போன ஸ்பீடு சார். பாப்பா பை கறுப்பு பட்டன அமுக்கிக்கீது" என்றவர், பின் பிரேக்கை லேசாக மிதித்தார். எஞ்சின் உறுமியது. "நீ மிதிக்க மிதிக்க, ஸ்லோ ஆவுறோம்னு அது நெனச்சிகினு இன்னும் இய்க்கும். ஒன் வண்டில பெட்டிய கட் பண்ற பின் பிரேக்கு ஸ்விட்ச்சு துருப்புடிச்சிப் போச்சி, வேற ஸ்விட்ச்சு வாங்கியா, மாட்டித் தர்றேன், அதுவரைக்கும் முன் பிரேக்க தொட்டாத்தான் கட் ஆவும்னு நேத்தே படிச்சிப் படிச்சி சொன்னேன். நீ போன்ல பேசிகினே தலைய தலைய ஆட்ன."

முன் பிரேக் லீவரை ஒரு விரலால் தொட்டார். சத்தம் பட்டென்று அடங்கியது. காலையில் கேட்ட அதே அடக்கம்.

"நான் முன் பிரேக்கைத் தொடவே இல்ல பாய். பதினைஞ்சு வருஷமா தொட்டதில்ல."

அவர் என் வலது கையை எடுத்துப் புரட்டிக் காட்டினார். நான்கு விரலுக்கும் குறுக்கே லீவரின் தடம் செக்கச்செவேலென்று பதிந்திருந்தது. அவ்வளவு பலமாகப் பிடித்திருக்கிறேன். பிளேட் வைத்த, டம்ளர் தூக்கவே வலிக்கிற அந்தக் கையில். எப்போது பிடித்தேன், யார் பிடிக்கச் சொன்னது, எதுவும் எனக்கு ஞாபகம் இல்லை.

பாய் அன்றைக்கே பெட்டியைக் கழற்றிவிட்டார். கைக்கு ஓய்வு வேண்டும் என்று நான் பஸ்ஸுக்கு மாறினேன். அண்ணன் வண்டியில் ஞாயிற்றுக்கிழமை மட்டும் காய்கறி வாங்கப் போவேன். மகள் வளர்ந்து ஸ்கூட்டர் பழகியபோது, இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும் என்பதைத்தான் அவளுக்கு முதலில் சொன்னேன். "தெரியும்பா, பெரியப்பா அப்படித்தான் நிறுத்தினாரு" என்றாள். அது என் கைதான், தடம்கூட இருந்தது என்று எத்தனை தடவை விளக்கினாலும் அவள் லேசாகச் சிரிப்பாளே தவிர ஒத்துக்கொள்வதில்லை.

ஒருவர் சொல்வதைக் காதில் வாங்காமல் தலையாட்டிய இரண்டு நிமிடத்துக்காக என் குழந்தையைப் பலி கொடுக்கப் பார்த்தேன் என்பது எனக்கு நன்றாகத் தெரிந்தாலும், முன் பிரேக்கில் விரல் படும் ஒவ்வொரு தடவையும், அதைத் தொடாதே என்று சொன்ன அண்ணன்தான் அன்றைக்கு என் விரல்களை அதன்மேல் எடுத்து வைத்தாரோ என்ற எண்ணத்தை மட்டும் என்னால் இன்றுவரை நிறுத்த முடியவில்லை.