கோட்டுக்கு அப்பால் பத்தடி

நான் பராமரிக்கும் இத்தாலிய அம்மாவுக்கு, என் சிஞ்ஞோராவுக்கு, தொண்ணூற்றொரு வயது. காது பாம்புக் காது, கண்தான் மங்கல். பலேர்மோவின் கபோ சந்தைக்குப் பின்னால் மூன்றாம் மாடியில் வீடு. காலையில் மருந்து, மத்தியானம் பாஸ்தா, பின்னேரம் பல்கனி நாற்காலி என்று பதினொரு வருடமாக எங்கள் இருவருக்கும் ஒரே அட்டவணை. அதற்குள் ஒருநாள் அவருடைய அப்பப்பா வந்து சேர்ந்தார்.

அலுமாரிக்கு மேல் தூசு தட்டும்போது ஒரு பிஸ்கட் தகரம் கையில் பட்டது. மூடி திறந்த சத்தத்திலேயே சிஞ்ஞோராவுக்கு விளங்கிவிட்டது. உள்ளே அப்பப்பாவின் கொப்பி ஒன்று, அதில் ஆங்கிலப் பேப்பர் துண்டுகள் ஒட்டியிருந்தன. மருமக்கள் போனில் படம் பிடித்து மொழிபெயர்த்துத் தருகிறோம் என்று சொல்லிச் சொல்லியே இரண்டு நத்தார்ப் பண்டிகை போய்விட்டதாம்.

"உனக்கு இங்கிலிஷ் தெரியுமோ?" என்றார். அவர் பேசியது இத்தாலியன்தான். எனக்கு அது என்னுடைய தமிழில்தான் ஞாபகம் இருக்கிறது.

"ஓம் சிஞ்ஞோரா, பள்ளிக்கூடத்திலை படிச்சனான்."

அப்போதுதான் கதையைச் சொன்னார். அப்பப்பா, அப்பாவின் தகப்பன், ஸ்கொட்லாந்தில் பேர்போன கோல் கீப்பர். திடீரென்று ஆட்டத்தை விட்டுவிட்டு, கப்பலில் கரி அள்ளிக்கொண்டு பலேர்மோ துறைமுகத்தில் வந்து இறங்கி, இங்கேயே கல்யாணம் செய்துவிட்டார். காசு வாங்கிக்கொண்டு ஒரு மட்சை விற்றவர் என்று, அவருடைய ஊர்க் கப்பற்காரன் ஒருவன் பிறகு சொல்லிவிட்டுப் போனானாம். சிஞ்ஞோராவின் அப்பா அதை நம்பிவிட்டார். தகப்பனும் மகனும் ஒரே வீட்டில் இருந்துகொண்டு சாகும்வரை கதைக்கவில்லை.

"நான் சாக முந்தி எனக்குத் தெரியவேணும். என்ரை அப்பப்பா கள்ளனோ, இல்லையோ?" என்றார்.

கடைசிப் பக்கத்தை உடனே பார்க்கலாமே என்றேன். விடவில்லை. மத்தியானக் கோப்பிக்குப் பிறகு ஒரு துண்டு, ஒரே ஒரு துண்டு. அதுதான் சட்டம்.

எனக்கென்ன, நல்ல பொழுதுபோக்கு. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் தமிழ்க் கோயில்காரருக்கும் சேர்ச்காரருக்கும் நடக்கும் உதைபந்தாட்டத்தில் நானும் ஒரு கோல் கீப்பர். ஓட முடியாதவனைத்தான் எங்கள் ஆட்கள் கோலுக்குள் விடுவார்கள் என்பதைச் சிஞ்ஞோராவுக்கு நான் சொல்லவில்லை. வாசிப்பதோடு நில்லாமல், தொழில் தெரிந்தவன் மாதிரி விளக்கமும் கொடுத்தேன்.

மனுசன் சூரன்தான். கம்பளிச் சட்டை, தலையில் தொப்பி. எதிராளிகள் தோளால் இடித்துக் கீப்பரையே கோலுக்குள் தள்ளலாம் என்றிருந்த காலம். விரல் முறிந்த ஒருநாள் கைலேஞ்சியால் கட்டிக்கொண்டு மட்சை முடித்திருக்கிறார். இன்னொரு துண்டில், வழக்கம்போலப் பந்தைத் தரையில் தட்டித் தட்டிப் பாதி மைதானம்வரை வந்தார், சனம் தொப்பிகளை எறிந்து ஆர்ப்பரித்தது என்று இருந்தது. சிஞ்ஞோரா கைதட்டிச் சிரித்தார்.

கடைசித் துண்டு வந்தது. கிண்ணத்துக்கான போட்டி. பெனால்டிக் கோட்டைத் தாண்டிப் பத்தடிக்குப் பந்தைக் கையால் தட்டிக்கொண்டு போயிருக்கிறார். விசில், ஃப்ரீ கிக், கோல், தோல்வி. இவருக்கு யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்று சனம் கேட்கிறது என்று எழுதியிருந்தது.

கோட்டுக்கு வெளியே கை படக்கூடாது என்று பால்குடிக்கும் பிள்ளைக்கும் தெரியும். காசு வாங்காமல் எந்தக் கீப்பர் அப்படிச் செய்வான்? அந்தாள் கள்ளன்தான் என்று ஒரே நிமிடத்தில் தீர்ப்பு எழுதிவிட்டேன்.

"எழுத்து அழிஞ்சு கிடக்கு, சிஞ்ஞோரா. லென்ஸ் ஒண்டு கொண்டு வாறன்" என்று புளுகினேன். அவர் வெறும் கோப்பையை என் பக்கம் தள்ளினார்.

மூன்று நாள் லென்ஸை மறந்துகொண்டே இருந்தேன். மூன்றாம் நாள், பல்லரோ சந்தையில் வாங்கிய மீனை வெட்டிக்கொண்டிருந்த மனைவியிடம் கொட்டித் தீர்த்தேன். அவளுக்கு உதைபந்தாட்டம் பற்றி அரிச்சுவடியும் தெரியாது.

"இஞ்சாருங்கோ, போன கிழமை அந்தாள் பந்தைத் தட்டிக்கொண்டு பாதிக் கிறவுண்டுக்கு வந்தது, சனம் தொப்பி எறிஞ்சது எண்டெல்லோ சொன்னனீங்கள்? அப்ப தட்டினது கையாலைதானே?" என்றாள்.

போனைத் தட்டிப் பார்த்தேன். அந்தக் காலத்தில் கீப்பர் தன் பாதி மைதானம் முழுவதும் கையால் ஆடலாம். பிறகுதான் பெனால்டிக் கோட்டோடு நிறுத்தினார்கள். மறுநாள் கொப்பியில் அப்பப்பா கைப்பட எழுதியிருந்த திகதிகளை ஒத்துப் பார்த்தேன். சட்டம் மாறிச் சில கிழமைகளில்தான் அந்த மட்ச். அத்தனை வருடம் கைதட்டு வாங்கிக்கொடுத்த பழக்கத்தில், கை தன்பாட்டில் செய்துவிட்டது. நானோ இன்றைய சட்டத்தை வைத்து ஒரு செத்த மனுசனைக் கள்ளனாக்கியிருந்தேன். வெட்கமாக இருந்தது.

அன்று கோப்பிக்குப் பிறகு, புளுகியதற்கு மன்னிப்புக் கேட்டுவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு தரம் சொல்லச் சொன்னார்.

"அவர் ஏன் இதைச் சொல்லேல்லை?" என்று கேட்டேன்.

"ஒருத்தரும் கேக்கேல்லை" என்றார்.

கொப்பியைத் தடவிக்கொண்டே சொன்னார்.

"சின்னனிலை கீழை முற்றத்திலை நான் அவருக்கு எலுமிச்சம்பழம் எறிவன். தனக்கு முன்னாலை கரியாலை ஒரு கோடு கீறி வைச்சிருப்பார். உள்ளை வாறது எல்லாத்தையும் பாஞ்சு பிடிப்பார். வெளியிலை விழுந்தா கையாலை தொடவே மாட்டார், காலாலைதான் தட்டிவிடுவார். நான் கோட்டை அழிச்சுப்போட்டு ஓடுவன். அடுத்த நாள் திரும்பக் கீறியிருப்பார். கிழவன் பகிடி விடுறார் எண்டு நினைச்சன்."

கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அப்பா மேலை ஜன்னலிலை நிண்டு எங்கடை விளையாட்டைப் பாத்துக்கொண்டிருப்பார்" என்றார். "ஒருநாளும் இறங்கி வரேல்லை."