நோர்வேயில் பயிற்றை நடும் மாதம்

மாமா இறந்த பிறகுதான் மாமிக்குத் தோட்டம் கிடைத்தது. நோர்வேயில் அவர்கள் இருந்த நகரத்தில், மாடிக் குடியிருப்புகளில் இருப்பவர்களுக்கு நகரசபை துண்டு துண்டாக நிலம் கொடுக்குமாம். மாமா பெயர் பதிந்துவிட்டு வருடக்கணக்காகக் காத்திருந்தார். முறை வந்தபோது அவர் இல்லை. நிலம் மாமியின் பெயருக்கு மாறியது. அடுத்த கோடையில் அதில் ஏதாவது பயிரிட வேண்டும், வெறுமனே போட்டு வைத்திருந்தால் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள்.

இதையெல்லாம் மாமி சொன்னது ஓர் ஆடி மாதம், எங்கள் வீட்டுக் குசினியில் இருந்துகொண்டு. அவர் அப்பாவின் அக்கா. பிள்ளைகள் இல்லை. மாமா போன பிறகு முதல் தடவையாக எங்களிடம் வந்திருந்தார். எனக்கு அப்போது ஒன்பது வயது. பகலில் மாமி அறைக்குள் மின்விசிறியைப் பார்த்தபடி படுத்திருப்பார். பின்னேரமானால் எழுந்து வந்து என்னோடு கார்ட்ஸ் விளையாடுவார். விளையாட்டில் களவு செய்கிற ஒரே பெரிய ஆள் அவர்தான். பிடிபட்டால் வெட்கமில்லாமல் சிரிப்பார். அந்த ஒரு காரணத்துக்காகவே அவர் எங்களுடன் நிரந்தரமாக இருந்துவிட வேண்டும் என்று நான் விரும்பினேன்.

அப்பாவுக்கும் அதே விருப்பம். துறைமுகத்தில் வேலை முடிந்து வந்ததும் ஒவ்வொரு நாளும் அதே கதைதான். "அங்க ஆருக்காக அக்கா இருக்கிறீங்கள்? இஞ்ச வந்திடுங்கோ."

"யோசிப்பம் தம்பி" என்பார் மாமி. அம்மா மட்டும் இந்தக் கதைக்குள் வரமாட்டார். மாமி புறப்படுவதற்கு முதல் நாள், பயிற்றை, பாகல், பூசணி, கீரை என்று தன்னிடமிருந்த நல்ல விதைகளை எல்லாம் கடதாசியில் சுற்றி மாமியின் கைப்பைக்குள் வைத்தார்.

திருகோணமலையில், அன்புவழிபுரத்தில் எங்கள் வீட்டு வளவு பெரியதல்ல. ஆனால் அம்மா அதில் ஒரு முழத்தையும் சும்மா விட்டதில்லை. அவர் திரியாயில் பிறந்தவர். சண்டைக் காலத்தில் ஊரைவிட்டு வந்து, கலியாணம் வரைக்கும் ஊர் ஊராகப் பிறத்தியார் வீடுகளில் இருந்தவர். எந்த வீட்டில் இருந்தாலும் கிணற்றடியில் ஒரு கீரைப்பாத்தி போட்டுவிடுவாராம். விதைக்கிற விஷயத்தில் அவரோடு வாதாட எங்கள் ஒழுங்கையில் ஆளில்லை. அதனால்தான் நோர்வே அவரை அவ்வளவு குழப்பியது.

தைப்பொங்கலன்று மாமியுடன் வீடியோவில் கதைத்தோம். வாழ்த்துச் சொல்லி முடிந்ததும் அம்மாவின் முதல் கேள்வி, "விதை போட்டாச்சோ மச்சாள்?"

"எங்க போடுறது? வெளியில பாருங்கோ" என்று மாமி போனைத் திருப்பினார். யன்னலுக்கு அப்பால் எல்லாமே வெள்ளை. தோட்டம் எது, றோட்டு எது என்று தெரியவில்லை. "மண் கல்லா இறுகிக் கிடக்கு. மண்வெட்டி இறங்காது."

"தண்ணி ஊத்தி ஒரு நாள் ஊற விடுங்கோ."

"ஊத்தினா அந்தத் தண்ணியும் கல்லாப் போகும் மச்சாள்."

மழை முடிந்து, ஈரம் காயாமல், வெயிலும் ஏறாமல் இருக்கிற தை மாதத்தில் ஒரு மண் விதையை ஏற்காது என்பதை அம்மாவால் நம்ப முடியவில்லை. இரண்டு நாள் அதே யோசனையாக இருந்தார்.

நானும் யோசித்தேன். எங்களுக்கு மீன் கொண்டுவருகிறவரை நானா என்றுதான் கூப்பிடுவோம். அவர் கிண்ணியாவிலிருந்து மோட்டார் சைக்கிளில் வருவார். பின்னால் கட்டியிருக்கும், சூடு புகாத ரெஜிபோம் பெட்டியில் மீனுக்குமேல் ஐஸ் கொட்டியிருக்கும். அடுத்த நாள் அவரிடம் ஒரு கோப்பையை நீட்டினேன்.

"என்னத்துக்கு மகள் ஐஸ்?"

"நோர்வே செய்யப் போறன்."

அவர் சத்தம் போட்டுச் சிரித்தார். "நோர்வேக்கு ஐஸ் குடுத்த ஆள் எண்டு என்ர பேரையும் சொல்லிவிடுங்க" என்று கோப்பையை நிரப்பித் தந்தார்.

தயிர்ச் சட்டியில் மண் போட்டு, ஊறவைத்த பயிற்றை விதைகளைப் புதைத்து, மேலே ஐஸைக் கொட்டினேன். நான் பல் தீட்டிவிட்டு வருவதற்குள் நோர்வே உருகி, மீன் மணத்தோடு முற்றத்தில் ஓடிவிட்டது. ஆகவே இன்னொரு சட்டியை நிரப்பி, பிரிட்ஜின் ஐஸ் பெட்டிக்குள் சூடை மீன் பொதிக்குப் பக்கத்தில் ஒளித்து வைத்தேன். மூன்றாவது சட்டியை, ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, குசினி யன்னலில் வைத்தேன்.

ஒரு கிழமை கழித்து, மீன் எடுக்கப்போன அம்மா சட்டியைக் கண்டுபிடித்தார். அடி விழும் என்று நினைத்தேன். அம்மா இறுகிப்போன மண்ணை விரலால் தட்டிப் பார்த்தார். பிறகு ஒரு கரண்டியால் குத்திப் பார்த்தார். கரண்டி வளைந்தது. "அட, உண்மையாத்தான்" என்றார். சட்டியை வெயிலில் வைத்து இளக விட்டு, மண்ணைக் கிளறினோம். விதைகள் கூழாகிக் கையோடு வந்தன. குசினி யன்னலில் இருந்த சட்டியிலோ இரண்டிரண்டு இலைகளோடு கன்றுகள் எழும்பியிருந்தன.

அன்று அம்மா தானாக அழைப்பு எடுத்தார். "மச்சாள், பிள்ளை ஐஸ் பெட்டிக்குள்ள வைச்சுப் பாத்தவள். பயிற்றை குளிர் தாங்காது. வெளியில ஒண்டும் நடாதேங்கோ. முதல்ல யன்னலுக்குள்ள வைச்சு முளைக்க விடுங்கோ."

"இது இஞ்ச எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம்தானே" என்று மாமி சிரித்தார். "ஆனா எனக்கு ஒருத்தரும் சொல்லேல்ல. நானும் கேக்கேல்ல."

அதன்பிறகு கிழமையில் பலமுறை தோட்டக் கதைதான். இடையில் புகுந்து நான் பள்ளிக்கூடக் கதை சொல்ல ஆரம்பித்தால், "பொறு பிள்ளை" என்று இரண்டு பக்கமும் சொல்வார்கள். பனி உருகி மண் இளகியதும் கரட்டும் பீற்றூட்டும் போடலாம், அவற்றுக்குக் குளிர் பிரச்சினையில்லை, பட்டாணிக்கும் அப்படித்தான் என்று மாமி யாரிடமோ கேட்டு வந்து சொன்னார். அம்மாவுக்கு அது பெரிய புதினம். எங்களுக்குக் கரட் என்பது குளிரான நுவரெலியாவிலிருந்து லொறியில் வருகிற சாமான்.

பங்குனியில் மாமி கரட்டும் பீற்றூட்டும் விதைத்தார். யன்னலில் பயிற்றைக் கன்றுகள் ஒரு சாண் உயரத்துக்கு வந்திருந்தன. சித்திரை வருடப் பிறப்பு வந்தது. அன்று நோர்வேயில் நல்ல வெயில். மாமி கம்பளிச் சட்டை இல்லாமல் தோட்டத்தில் நின்றார். மண் கையில் பொலபொலவென்று உதிர்ந்தது.

"இண்டைக்கே வெளியில வைக்கட்டோ மச்சாள்?"

அம்மா ஒரு கணம் யோசித்தார். புதுவருடம், கைவிசேஷக் காசு வாங்குகிற நேரம், வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? "நல்ல நாள்தானே. வையுங்கோ" என்றார்.

பஞ்சாங்கம் பார்த்தவர்கள் பனியைப் பார்க்கவில்லை. இரண்டு மூன்று நாள் கழித்து மாமி எடுத்தபோது முகம் வீங்கியிருந்தது. கமராவைக் கீழே காட்டினார். கன்றுகள் எல்லாம் கொதிதண்ணீர் ஊற்றியதுபோலக் கறுத்து, தரையோடு படுத்துக் கிடந்தன.

"காணும்" என்றார் மாமி. "அவர் ஆசைப்பட்டுப் பதிஞ்ச தோட்டம். எனக்கு ஏலாது. தம்பி, நான் வந்திடுறன். இந்தக் காணியைத் திருப்பிக் குடுத்திட்டு வந்திடுறன்."

அப்பா கதிரையிலிருந்து எழுந்தே விட்டார். "வாங்கோ அக்கா. உடன வாங்கோ." நான் முற்றத்துக்கு ஓடிப்போய், மதிலுக்கு அங்கால் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்த அயல்வீட்டு அக்காவுக்கு, மாமி வந்து எங்களோடேயே இருக்கப் போகிறார் என்று சத்தமாக அறிவித்துவிட்டுத் திரும்பி வந்தேன். வந்தபோது அம்மா போனைத் தன் கையில் வாங்கியிருந்தார்.

"மிச்ச விதை எவ்வளவு கிடக்கு மச்சாள்?"

"என்ன மச்சாள்?"

"விதை. முழுக்கப் போட்டீங்களோ, மிச்சம் வைச்சனீங்களோ?"

"பாதி கிடக்கு" என்றது அழுத குரல்.

"அப்ப நாளைக்கு ஊறப் போடுங்கோ. பக்கத்துப் பாத்திக்காரர் எப்ப வெளியில வைக்கினமோ, அதுக்கு முந்தி நீங்கள் வைக்கக் கூடாது. இனி நான் நல்ல நாள் சொன்னாலும் கேக்காதேங்கோ."

அழைப்பு முடிந்ததும் அப்பா அம்மாவுடன் கோபித்தார். அது அபூர்வம். "அக்கா வாறன் எண்டு சொல்லுறா. நீர் ஏன் விதையைப் பற்றிக் கேக்கிறீர்?"

"வரட்டும். வேண்டாம் எண்டு சொன்னனானோ? இப்பிடி அழுதுகொண்டு வந்தா, இஞ்ச வந்தும் அந்த அறைக்குள்ளதான் படுத்திருப்பா."

"பயிற்றங்காய் காய்ச்சா எல்லாம் சரியாப் போயிடுமோ?"

"அது எனக்குத் தெரியாது" என்றார் அம்மா. "ஆனா காய்க்கட்டும்."

நான் அப்பாவின் கட்சி. அம்மாவுக்கு மாமி இங்கு வருவதில் விருப்பமில்லை என்றே முடிவு கட்டினேன். அன்று இரவுச் சாப்பாட்டில் அம்மா பிசைந்து தந்த சோற்று உருண்டையை வாங்காமல் என் கையாலேயே சாப்பிட்டேன்.

மாமி திரும்பவும் யன்னலில் கோப்பைகளை அடுக்கினார். சித்திரை போய் வைகாசியும் போனது. ஒவ்வொரு அழைப்பிலும் அம்மா, "பக்கத்தில வைச்சிட்டினமோ?" என்று கேட்பார். "இன்னும் இல்லை" என்று பதில் வரும். அதைத் தெரிந்துகொள்வதற்காக மாமி ஒவ்வொரு நாளும் தோட்டத்துக்குப் போக வேண்டியிருந்தது. பக்கத்துப் பாத்திக்காரியுடன் கதைக்கவும் வேண்டியிருந்தது. கடைசியில் ஆனியில், பனி இனி வராது என்று எல்லோரும் சொன்ன பிறகு, கன்றுகள் வெளியே போயின. கம்பு நட்டு, மேலே கண்ணாடிப் பொலித்தீனால் ஒரு கூடாரமும் போட்டுக் கொடுத்தார்கள். மாமி ஒருவராக அதைக் கட்டவில்லை. அவர் அனுப்பிய படத்தில் இன்னும் இரண்டு கைகள் தெரிந்தன.

அங்கே அந்த மாதங்களில் இரவே சரியாக வராது. பயிற்றைக்கு நித்திரை கொள்ள நேரமில்லை, அதனால்தான் ஓடி வளர்கிறது என்று அம்மா சொன்னார். ஒருநாள் மாமி பரபரப்போடு எடுத்தார். இரவோடு இரவாக மான் வந்து பீற்றூட் இலையெல்லாம் தின்றுவிட்டதாம். அம்மாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. திருகோணமலை நகரத்தில் மான்கள் றோட்டால் நடந்து போய்க் கடைவாசலில் வாழைப்பழத் தோல் தின்பதைப் பார்த்து வளர்ந்தவர் மாமி. "இவ்வளவு தூரம் போயும் மானுக்குத் தப்ப ஏலாதோ?" என்று அம்மா கேட்க, மாமியும் சிரித்தார். இரண்டு பேரும் நிறுத்த முடியாமல் சிரித்தார்கள்.

ஆவணிக் கடைசியில் மாமி போனுக்கு முன்னால் ஒரு பயிற்றங்காயைத் தூக்கிப் பிடித்தார். எங்கள் வளவில் காய்ப்பதில் அரைவாசி நீளம்தான். மாமி தடித்த மேற்சட்டை போட்டுக்கொண்டு, மூக்குச் சிவக்க, அதை மாலை மாதிரிக் கழுத்தோடு வைத்துக் காட்டினார். அம்மா திரைக்குக் கிட்டப் போய்ப் பார்த்தார்.

"முற்ற விடாதேங்கோ. இண்டைக்கே கறி வையுங்கோ."

"வைக்கேலாது. பக்கத்துப் பாத்திக்காரி பச்சையாவே கடிச்சுத் தின்னுறாள்" என்றார் மாமி. பின்னால் யாரோ ஏதோ சொல்ல, மாமி திரும்பி அந்தப் பாஷையில் பதில் சொன்னார். பிறகு எங்களிடம், "ஆக்கள் வந்திட்டினம். நான் பிறகு எடுக்கிறன்" என்று துண்டித்துவிட்டார்.

அதுவரைக்கும் அழைப்பை நாங்கள்தான் முடிப்போம். மாமி ஒருநாளும் முடித்ததில்லை. எனக்குச் சுருக்கென்றது. அம்மாவைப் பார்த்தேன். அவர் கறுத்துப்போன திரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

மாமி காணியைத் திருப்பிக் கொடுக்கவில்லை. மார்கழியில் வந்தார். அங்கே எதையும் விதைக்க முடியாத மாதங்களில் இங்கே இருப்பது என்று தீர்மானித்திருந்தார். வந்தவர் அறைக்குள் படுக்கவில்லை. அம்மாவோடு சேர்ந்து மண்ணைக் கொத்தினார், மீன் நானாவுடன் விலை பேசிச் சண்டை பிடித்தார், நோர்வேயிலிருந்து கொண்டுவந்த கரட் விதையை எங்கள் மணலில் போட்டு, விரல் நகமளவுக் கரட்டைப் பிடுங்கி எல்லோருக்கும் காட்டினார். நான் அப்படியே நாட்கள் போய்விடும் என்று நம்பியிருந்தேன்.

மாசி பிறந்ததும் மாமிக்கு இருப்புக்கொள்ளவில்லை. யன்னலில் கோப்பைகள் வைக்க வேண்டும், கூடாரத்துக்குப் புதுப் பொலித்தீன் வாங்க வேண்டும், பக்கத்துப் பாத்திக்காரிக்குப் பாகல் விதை கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார், அவள் காத்திருப்பாள் என்று ஒரே அவசரம். பயணத்தையும் ஒரு கிழமை முந்திப் போட்டுக்கொண்டார். அப்பா பெட்டியைத் தூக்கி, விமான நிலையத்துக்குப் பிடித்த வாடகை வானுக்குள் ஏற்றினார்.

மாமி என்னைத் தேடிப் பிடித்தார். "கெதியா ஒரு கொஞ்சு தா குஞ்சு. வான்காரன் அவசரப்படுத்துறான்" என்றார். வான்காரர் அவசரப்படுத்தவில்லை, வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். மாமி முன் இருக்கையில் ஏறி, மடியில் கைப்பையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, "எடுங்கோ தம்பி, எடுங்கோ" என்றார். வான் புறப்பட்டது.

"பாத்தியா" என்றார் அம்மா, என் தோளைப் பிடித்துக்கொண்டு. "திரும்பியும் பாக்கேல்ல."

அம்மா மாமியைக் குறை சொல்கிறார் என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன். ஒரு வருடத்துக்குப் பிறகு முதல் தடவையாக நானும் அம்மாவும் ஒரே கட்சியில் இருந்தோம்.

"ஓம்" என்றேன் ஆத்திரத்தோடு. "மோசமான மாமி."

அம்மா என்னை விசித்திரமாகப் பார்த்தார். பிறகு என் தலையைத் தடவினார். வான் சந்தியில் திரும்பும்வரை நான் கேற்றில் ஏறி நின்று பார்த்தேன், மாமி கடைசியிலாவது ஒருதரம் திரும்புவார் என்று. அதற்குள் அம்மா உள்ளே போய்விட்டார். குசினியில் சட்டி பானை கழுவுகிற சத்தம் கேட்டது. கூடவே, மெல்லிய குரலில் அவர் பாடுவதும் கேட்டது.