எண்ணெய் எடுத்த முகம்

உடுமலைப்பேட்டைக்குத் தெற்கே, ஒரு கரட்டுக் குன்றின் மேல் இருந்த சமணக் குகையை அளந்து வரைந்து, பாதுகாக்க வழி சொல்வது எனக்கு வந்த வேலை. துறவிகள் படுத்த கற்படுக்கைகளும், சுவரில் செதுக்கிய உட்கார்ந்த உருவம் ஒன்றும் அங்கே இருந்தன. ஊர்க்காரர்களுக்கு அது முனியப்பன். எண்ணெயும் விளக்குப் புகையும் ஏறி, முகமே தெரியாமல் கறுத்திருந்தது.

வெள்ளிக்கிழமைகளில் ஓர் அக்கா ஏறி வருவார். தேங்காய் நார் களத்தில் வேலை. வீட்டுக்காரர் பக்கவாதத்தில் படுத்துக் கிடந்தார். சாமி மேல் எண்ணெய் ஊற்றி, வழிவதை ஒரு புட்டியில் பிடித்துப் போய் அவர் காலில் தேய்ப்பார்.

"கட்டவிரலு அசையுதுங்க அம்மணி," என்றார் ஒருநாள்.

கூரைப் பாறையில் ஒரு விரிசல். வளர்கிறதா என்று பார்க்க, குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு பதித்திருந்தோம். சித்திரையில் அது இரண்டாகப் பிளந்தது. அன்றே வாசலில் கயிறு கட்டினேன்.

"ஏனுங்க, ஒரு நிமிசம் ஊத்திப்போட்டு வந்தர்றனுங்க."

"கல்லு விழுந்துருங்க்கா. உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா அவரை யாரு பாப்பாங்க?"

கயிற்றுக்கு வெளியே விளக்கு வைத்தார். காற்றில் அணைந்தது. மறுபடி ஏற்றினார்.

கூரைக்கு இரும்புக் குழாய்களால் தற்காலிகமாக முட்டுக் கொடுத்துவிட்டு, உருவத்தின் மேல் காகிதக் கூழ் அப்பி எண்ணெயை உறிஞ்சி எடுத்தோம். மூடிய இமைகள், நீண்ட காதுகள், சிரிக்கப்போவது போன்ற உதடு. அப்படியொரு முகம் உள்ளே இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. படம் எடுத்துக்கொண்டேன்.

நிரந்தர முட்டுக்கு அனுமதி வரவில்லை. ஐப்பசி மழையில் கூரை இறங்கிவிட்டது. ஆளுக்குச் சேதமில்லை. உருவம் இடுப்புவரைதான் மிஞ்சியது. மண்ணைச் சலித்துப் பார்த்தோம். முகம் பொடியாகவே வந்தது.

கார்த்திகையில் அந்த அக்கா வந்தார். நெற்றியில் பொட்டு இல்லை.

"அவரு போயிட்டாருங்க. எண்ணெ நின்னதுக்கப்புறம் விரலு அசையவே இல்லீங்க."

குற்றம் சொல்லும் குரல் இல்லை.

"சாமி மூஞ்சி போட்டோ இருக்குதுங்களா?"

அவர் போனுக்கு அனுப்பினேன். விரலால் பெரிதாக்கி வெகுநேரம் பார்த்தார்.

"இது நம்ம சாமியாட்ட இல்லீங்களே, அம்மணி."

எண்ணெய்க்கு அடியில் இருந்த முகம்தான் என்றேன். தலையாட்டினார். போனை முந்தானையில் முடிந்துகொண்டு, ஈரப் பாறையைப் பிடித்துப் பிடித்து இறங்கினார்.