படித்துறைக்கு ஒரு பூட்டு

அந்த மனுவை எழுதியது நான்தான். முதல் கையெழுத்தும் என்னுடையது. இதைச் சொல்லிவிட்டால்தான் ஆற்றைப் பற்றிப் பேச எனக்கு வாய் வரும்.

ஸ்ரீரங்கத்தில், இரண்டு மதில்களுக்கு நடுவே ஒரு சந்து காவிரிக்கு இறங்குகிறது. எதிரெதிரே இருவர் வந்தால் ஒருவர் தோளைச் சாய்க்க வேண்டும். சந்து முடிகிற இடத்தில் பதினோரு படிகள். பெயரும் இல்லை, பலகையும் இல்லை. பக்கத்து அம்மா மண்டபப் படித்துறையில் எந்நேரமும் யாராவது யாருக்காவது எள்ளும் தண்ணீரும் விட்டுக்கொண்டிருப்பார்கள். அங்கே சும்மா உட்கார மனம் கூசும். இங்கே சும்மா உட்காரலாம். எதிர்க்கரையில் மலைக்கோட்டை, நடுவில் தண்ணீர், அவ்வளவுதான். செருப்பைச் சந்தின் வாயிலேயே மதிலோரம் விட்டுவிட்டு வெறுங்காலோடுதான் இறங்குவோம். யார் தொடங்கிய வழக்கமோ, யாரும் மீறியதில்லை.

ஓரிடத்தில் இருப்புக்கொள்ளாதவன் நான். எழுத உட்கார்ந்தால் பாதி வரியில் எழுந்துபோய் ஃபிரிட்ஜைத் திறந்து பார்த்து மூடுகிறவன். காலை ஐந்தரைக்கு மார்பளவுத் தண்ணீரில் நிற்கும்போது மட்டும் இந்த உடம்பு எங்கேயும் போக வேண்டாம் என்கிறது. போகிற வேலையை ஆறு பார்த்துக்கொள்கிறது.

சாயங்காலங்களில் யாரோ குடித்துவிட்டுப் பாட்டில்களைப் படியில் உடைத்துப் போட ஆரம்பித்தார்கள். காலையில் குளிக்க வரும் நாங்கள் ஏழு பேர். அதில் ரிட்டயர்டு வாத்தியார் ஒருவருக்குக் குதிகாலில் கண்ணாடி ஏறி மூன்று தையல். செருப்போடு இறங்கலாம் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. ஆற்றைப் பூட்டலாம் என்று தோன்றியது.

"ஓய், எழுதத் தெரிஞ்சவர் நீர்தானே, எழுதும்" என்றார் வாத்தியார், கட்டுப் போட்ட காலை நீட்டிக்கொண்டு. எழுதினேன். நன்றாகவே எழுதினேன். வார்டு கவுன்சிலரிடம் மனுவைக் கொடுத்து இரும்புக் கேட் வந்தது. பூட்டு மட்டும் நாங்கள் வாங்கியது. எங்களில் ஒருவரான சந்து முனை வீட்டு ரயில்வேக்காரரிடம் சாவி. காலை ஐந்து முதல் ஏழு வரை திறந்திருக்கும். படி சுத்தமாயிற்று. தண்ணீர் எங்களுக்கென்றே ஓடுவதுபோல ஒரு கர்வம்கூட வந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை மூக்குக்கண்ணாடியைப் படியில் மறந்துவிட்டேன். நாலு மணிக்குச் சாவி வாங்கிக்கொண்டு போனால், கேட் கம்பியைப் பிடித்தபடி ஒரு பெண் நின்றிருந்தார். நாற்பது வயதிருக்கும். செருப்பு இரண்டும் மதிலோரம் ஒழுங்காக, ஜோடியாகக் கிடந்தன. இறங்கத் தயாராகிவிட்ட கால்கள்.

"இதுக்கு யாருங்க பூட்டுப் போட்டது?"

"தெரியலைங்க" என்றேன்.

அவர் என் கையைப் பார்த்தார். "சாவி உங்க கையில இருக்குதே சார்."

என் முகம் போன போக்கை அந்த ஆறு பார்த்திருக்கும். பூட்டைத் திறந்துவிட்டேன். அவர் கடைசிப் படியில் உட்கார்ந்து இரண்டு கால்களையும் முழங்கால்வரை தண்ணீருக்குள் விட்டார். கெண்டைக்கால் நரம்புகள் கயிறு கயிறாகப் புடைத்திருந்தன. மலைக்கோட்டைப் பக்கம் ஜவுளிக்கடையில் சேலை செக்ஷனாம்.

"ஆறு நாள் நின்ன காலுங்க. ஒரு நாள் தண்ணியில கெடக்கட்டும்னு பஸ் ஏறி வந்துருவேன். ரெண்டு வாரமா வந்து வந்து கேட்டைப் பாத்துட்டுப் போறேன்."

"கடையில உக்கார ஸ்டூல் போடலையா?"

"போட்டிருக்காங்களே. அதுலதான் சேலையை அடுக்கி வச்சிருக்கோம்" என்று சிரித்தார்.

சின்ன மீன்கள் அவர் விரல்களைக் கொத்தின. வெயில் தண்ணீரில் நடுங்கி நடுங்கி நின்றது. மூக்குக்கண்ணாடி கிடைத்தபிறகும் நான் போகவில்லை. கிளம்பும்போது, "அடுத்த செவ்வாய்க்கிழமையும் நீங்க வருவீங்களா சார், தொறந்துவிட?" என்று கேட்டார். ஆற்றுக்கு வர ஒருத்தர் என்னிடம் அனுமதி கேட்கிறார்.

மறுநாள் காலை இடுப்பளவுத் தண்ணீரில் நின்றபடி விஷயத்தைச் சொன்னேன்.

"பூட்டச் சொல்லி எழுதினதும் நீர், திறக்கச் சொல்றதும் நீரா? நல்ல ஆளய்யா" என்றார் வாத்தியார்.

ரயில்வேக்காரர் விடவில்லை. "தொறந்துடலாங்க. அப்புறம் கண்ணாடி யாரு பொறுக்கறது?"

"நான் பெருக்கறேன்."

"நீங்களா? தண்ணியை விட்டுக் கரையேறினா ஒரு எடத்துல நாலு நிமிஷம் நிக்காத ஆளு!" ஏழு பேரில் ஆறு பேர் சிரித்தார்கள். வாத்தியார்தான் கடைசியில் தன் குதிகாலைத் தடவிக்கொண்டே சொன்னார்: "பெருக்கட்டும். என் கால்ல இன்னொண்ணு ஏறினா பூட்டு திரும்ப வரும், சொல்லிட்டேன்."

இப்போது தினமும் விடியும்போது தென்னந்துடைப்பத்தோடு இறங்குகிறேன். மேல்படியிலிருந்து பதினோராவது வரை. பச்சைச் சில், பழுப்புச் சில், சிகரெட் துண்டு, மாலை நார். சில நாள் ஒன்றுமே இருக்காது, அப்போதும் பெருக்குகிறேன். செவ்வாய்க்கிழமை மட்டும் மூன்றரைக்கு இன்னொரு தரம்.

போன செவ்வாய் பாதியில் இருக்கும்போதே அவர் வந்துவிட்டார். திறந்த கேட்டையும் என் கைத்துடைப்பத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்னங்க சார், இங்க வேலைக்குச் சேந்துட்டீங்களா?"

"ஆமாங்க" என்றேன். "கீழ இன்னும் நாலு படி பாக்கி. அதுவரைக்கும் அங்கயே உக்காந்திருங்க."

அவர் செருப்பை மதிலோரம் விட்டுவிட்டு மேல்படியில் உட்கார்ந்தார். நான் குனிந்து, ஒவ்வொரு படியாக, விரலால் தடவிப் பார்த்துக்கொண்டே தண்ணீர்வரை போனேன்.