தலையில்லாத ஈக்கள்

பெருந்துறையில் சாயப்பட்டறை, காங்கேயத்தில் எண்ணெய் மில் என்று எங்கேயும் நிலைக்காமல் சுற்றிக்கொண்டிருந்தவன் நான். கோவையில் பூச்சிகளை ஆராயும் கூடம் ஒன்றில் தினக்கூலிக்குச் சேர்ந்தேன். பல்லடத்துப் பக்கம் ஒரு கோழிப்பண்ணையிலிருந்து ஈ பிடித்து வர வேண்டும். எந்த மருந்துக்கும் சாகாத ஈக்கள் அவை.

"ஏனுங்க, ஈ புடிக்கறதுக்கா பஸ் ஏறி வாரீங்க?" என்று பண்ணைக்காரர் சிரித்தார். "எங்கூட்டுச் சோத்துலயே மொய்க்குது, அள்ளீட்டுப் போங்க." தன் போனில் என்னை 'ஈக்காரர்' என்று பதிந்துகொண்டார்.

விஷத்தை முறிக்கும் என்சைம் அந்த ஈக்களின் உடம்பில் இருக்கிறது என்று ஆய்வு செய்த மேடம் நம்பினார். ஆனால் ஈக்களை அரைத்து, சாற்றைக் கருவியில் வைத்தால் ஒன்றுமே காட்டவில்லை.

"அண்ணா, இந்த மாசத்துக்குள்ள காட்டலீன்னா புராஜெக்ட்ட மூடிருவாங்க. ரெண்டு பேரும் ஊட்டுக்குப் போக வேண்டியதுதானுங்க" என்றார் மேடம்.

அவருக்கு வீடு இருந்தது. நான் கூடத்துக்குப் பின்னால், மருந்தடிக்கும் கருவிகள் கிடந்த அறையில் படுத்துக்கொண்டிருந்தேன். பல வருடங்களுக்குப் பிறகு அங்கேதான் பையிலிருந்த துணிகளை வெளியே எடுத்துக் கொடியில் போட்டிருந்தேன்.

ஒருநாள் மேடம் சாற்றை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "இது செவப்பா இருக்குதுங்களாண்ணா?"

சிவப்பாகத்தான் இருந்தது.

"ஈயோட கண்ணுல இருக்கற சாயமுங்க. உசுரோட இருக்கறப்ப கண்ணுக்குள்ளயே கெடக்குது. நாம அரைச்சு உட்டதும் என்சைம அமுக்கிப்போடுது. தலைய எடுத்துப்போட்டு அரைக்கலாமுங்க."

குளிரில் மயங்கிய ஈக்களைப் பனிக்கட்டி மேல் பரப்பி, ஒவ்வொன்றாகத் தலையைக் கிள்ளினேன். விரல்கள் மரத்துப்போயின. மேடம் உடல்களை மட்டும் அரைத்துக் கருவியில் வைத்தார். எண் ஏற ஆரம்பித்தது. அவர் நாற்காலியில் உட்கார்ந்து வீட்டுக்குப் போன் போட்டார். "அம்மா, வந்துருச்சும்மா!"

நான் வெளியே வந்தேன். எனக்கும் யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. போனில் இருந்தவை பழைய மேஸ்திரிகளின் எண்கள். பாதி உயிரோடு இருக்காது. கடைசியில் பண்ணைக்காரரைக் கூப்பிட்டேன்.

"சொல்லுங்க ஈக்காரரே."

"வேலை நிக்கலீங்க. திங்கக்கெழம வாரேனுங்க."

"வாங்க வாங்க. ஈயெல்லாம் உங்களத்தான் கேட்டுட்டு இருக்குது."

அவர் வைத்த பிறகும் கொஞ்ச நேரம் போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றேன்.