அத்தான் போட்ட சட்டம்

லண்டனின் கோலியர்ஸ் வுட் மைதானத்தில், ஞாயிறு காலை மழையில், மூச்சு வாங்க ஓடும் நடுத்தர வயதுக்காரர்களைப் பார்த்துத் தொண்டை கிழியக் கத்திக்கொண்டு நிற்பார் அத்தான். என் அக்காவின் கணவர். யாழ்ப்பாணத்தில் தன் கல்லூரி உதைபந்தாட்ட அணிக்குத் தலைவராக இருந்தவர். எண்பதுகளின் தொடக்கத்தில் லண்டனுக்கு வந்ததும், குளிருக்கு ஒரு கோட்டு வாங்குமுன்பே பழைய மாணவர் சங்கத்துக்கு அணி சேர்த்துப் பயிற்சியாளராகிவிட்டார். அந்தக் கல்லூரியில் படித்தவர் மட்டுமே ஆடலாம் என்று சட்டமும் போட்டார். தொண்ணூறுகளின் இறுதியில் எல்லாருக்கும் தொந்தி வந்துவிட்டது. கோல் காப்பவர் குனிந்தால் நிமிர்த்திவிட ஆள் வேண்டும். சட்டம் மட்டும் அசையவில்லை. வருடா வருடம் தோற்பார்கள். பழி மழைக்கும் நடுவருக்கும் போகும்.

இத்தனைக்கும் வீட்டிலேயே ஒரு நல்ல ஆட்டக்காரன் வளர்ந்து நின்றான். அவருடைய மகன், என் மருமகன். அப்பாவின் அணியில் ஒருமுறையாவது ஆட வேண்டும் என்பதுதான் அவனுடைய ஒரே ஆசை. அக்கா கேட்டுப் பார்த்தாள்.

“உங்கடை பெடியன்தானே, சேர்த்தால் என்னப்பா?”

“அவன் எங்கடை கல்லூரியிலை படிச்சவனோ?”

கைக்குழந்தையாக லண்டனுக்கு வந்தவன் அங்கே எப்படிப் படிப்பது? இந்த மனிதரோடு பேசுவதற்குக் குட்டிச்சுவரில் போய் முட்டிக்கொள்ளலாம்.

பொறுக்கமாட்டாமல் அவனை எங்கள் அணிக்கு அழைத்தேன். நான் படித்தது அத்தானின் கல்லூரிக்குப் பரம எதிரியான கல்லூரி. எங்கள் சங்கத்தில் தாய்மாமன் படித்திருந்தாலே போதும். அத்தான் மறுக்கவில்லை, என்னோடு பேசுவதை மட்டும் நிறுத்திக்கொண்டார்.

அந்தக் கோடையில் இரண்டு அணிகளும் மோதின. யாருக்கும் கோல் விழாமல் ஆட்டம் முடியப்போகும் நேரம், மருமகனுக்குப் பந்து கிடைத்தது. எதிரே கோல் காப்பவர் மட்டும். பையன் தயங்கி, கோட்டுக்கு வெளியே நின்ற அப்பாவைப் பார்த்தான்.

“அடியடா!”

அத்தானின் குரல்தான். அவன் அடித்தான். பந்து வலைக்குள் போனதைக்கூடப் பார்க்காமல் அவருடைய ஆட்டக்காரர்கள் எல்லாரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

கார் நிறுத்துமிடத்தில் அவரைப் பிடித்துக்கொண்டேன்.

“ஆருக்கு அத்தான் கத்தினீங்கள்?”

“என்ரை ஆக்களுக்குத்தான்.”

“அவையளிட்டைப் பந்து இல்லையே?”

“அது எனக்குத் தெரியும்.”

அதற்குப் பிறகும் சட்டத்தை அவர் மாற்றவில்லை. ஆடுவதற்கு ஆளில்லாமல் அணி கலைந்தது. மருமகன் கடைசிவரை அதில் ஆடவே இல்லை. இப்போது வீட்டுக்கு யார் வந்தாலும் அத்தான் அந்தக் கோலைத்தான் விவரிக்கிறார். மகன் உடம்பை எப்படித் திருப்பினான், எந்த மூலைக்கு அடித்தான் என்று எழுந்து நின்று காட்டுகிறார். எந்த அணி ஜெயித்தது என்பதை மட்டும் சொல்வதில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மருமகன் பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பான். அவனும் சொல்வதில்லை.