பெருமாள்மலையில் இறங்கிய சிடி

கொடைக்கானலில் நான் வேலை பார்த்த டிசைன் அலுவலகத்தில் மூன்று கம்ப்யூட்டர்கள், மூன்று பேர்: முதலாளி, நான், ஜூனியராக ஒரு பெண். நான் பதினெட்டு வருடம் வரைபலகையில் பென்சில் பிடித்துவிட்டுக் கம்ப்யூட்டருக்கு வந்தவன். அவள் டிப்ளமோ முடித்து நேராக மவுஸைப் பிடித்தவள். சேர்ந்து நாலு மாதம் ஆகியிருந்தது. இரண்டாயிரத்துக்குப் பிந்தைய அந்த வருடங்களில் எங்கள் ஊர் இன்டர்நெட்டைவிடப் பஸ் வேகம். வரைந்த படங்களைச் சிடியில் பதிந்து, கவரில் போட்டு ஒட்டி, திண்டுக்கல் பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிடுவோம். அங்கே தகடு வெட்டும் பட்டறையின் ஆள் பஸ் ஸ்டாண்டில் வாங்கிக்கொள்வார்.

டைரியில் அந்த நாள் ஜூலை மாதத்துச் செவ்வாய்க்கிழமை. காலையிலிருந்து மழை. மேல்மலை விவசாயிகள் சிலர் சேர்ந்து கேரட் கழுவும் இயந்திரம் கேட்டிருந்தார்கள். அதன் பக்கங்களுக்கான எவர்சில்வர் தகட்டை அவர்களே வாங்கிப் பட்டறையில் இறக்கியிருந்தார்கள். அளவாக இரண்டே தகடு. வெட்டு பிசகினால் மாற்றுத் தகடு கிடையாது.

கடைசி நேரத்தில் இயந்திரத்துக்குள் சுழலும் உருளையைக் கொஞ்சம் பெரிதாக்கச் சொன்னார்கள். தகட்டில் இரண்டு துளைகளுக்கு நடுவே இருந்த ஆயிரத்து இருநூறு மில்லிமீட்டர், ஆயிரத்து இருநூற்று ஐம்பது ஆக வேண்டும். நான் எண்ணை மட்டும் மாற்றித் தட்டி, அடியில் ஒரு கோடு போட்டேன். துளையை நகர்த்தவில்லை. வரைபலகைக் காலத்தில் இது தவறே அல்ல. எண்ணுக்கு அடிக்கோடு இருந்தால், படத்தை அளக்காதே, எண்ணை நம்பு என்று பொருள். இரண்டு நாற்பதுக்குச் சிடி பஸ் ஏறியது.

மூன்று ஐந்துக்கு முதலாளி டீ குடிக்கக் கிளம்பினார். அவர் வெளியே போன பிறகு, அதே படத்தில் உருளையைப் பொருத்திப் பார்த்துக்கொண்டிருந்த அந்தப் பெண் என் மேசைக்கு வந்தாள்.

"சார், ஒரு டவுட்டுங்க. நம்பரு ஆயிரத்து எரநூத்தி அம்பதுன்னு சொல்லுது. அளந்து பாத்தா ஓட்டை ஆயிரத்து எரநூறுலதான் கெடக்கு. எதை நம்பட்டும்?"

"நம்பரைத்தாம்மா. அடியில கோடு போட்டிருக்கேன்ல?"

"அழகுக்குப் போட்டீங்களோன்னு நெனச்சேன்."

எனக்குச் சுருக்கென்றது. "எல்லாப் பட்டறைக்காரங்களுக்கும் தெரியும்மா அது."

"அவங்களுக்குத் தெரியும் சார். புதுசா மெஷின் வாங்கியிருக்காங்கல்ல, அதுக்குத் தெரியாதே. அது நம்பரையா படிக்குது? வரைஞ்ச கோட்டு மேலயே போயி வெட்டிப் போட்டுரும்."

 அந்த மாதம்தான் பட்டறைக்குக் கம்ப்யூட்டரில் ஓடும் வெட்டு இயந்திரம் வந்திருந்தது. சிடி போய்ச் சேர்ந்தால் சாயங்காலமே தகடு ஏறிவிடும். போனை எடுத்தேன். திண்டுக்கல் லைன் மழையில் காலையிலிருந்தே கிடைக்கவில்லை.

"பஸ்ஸு போற வழியில பெருமாள்மலையில கொஞ்ச நேரம் நிக்கும் சார். எங்க அத்தை அங்கதான் டீக்கடை வச்சிருக்காங்க." நல்லவேளை, அந்த லைன் கிடைத்தது.

"அத்தே, நான்தான். திண்டுக்கல் பஸ்ஸு நிக்கிதா? வெரசா போயி கண்டக்டர்கிட்ட எங்க ஆபீஸ் கவரை வாங்கி வைங்க. காரணம் பெறகு சொல்றேன், மொதல்ல ஓடுங்க!"

ஏழு நிமிடம் ரிசீவரைக் காதிலிருந்து அவள் எடுக்கவில்லை. பிறகு எனக்கே கேட்கும்படி ஒரு குரல்:

"வாங்கிட்டேன்டி. மொதல்ல குடுக்க மாட்டேன்னான். உள்ள கல்யாண ஜாதகம் இருக்கு, பொண்ணு மாறிப் போச்சுன்னேன். பதறிப்போயி குடுத்துட்டான். யாருக்குடி கல்யாணம்?"

"எங்க சாருக்கு அத்தே" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். நான் சிரித்தேன். 

துளையை ஐம்பது மில்லிமீட்டர் நகர்த்த ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அவளை அளக்கச் சொன்னேன். இரண்டு முறை அளந்தாள். படத்தின் மூலையில் வரைந்தவர், சரிபார்த்தவர் என்று இரண்டு கட்டங்கள் உண்டு. நான் வரைந்த படத்தில் இரண்டிலும் என் இனிஷியல்தான் இருக்கும். சரிபார்த்தவர் கட்டத்தில் என்னுடையதை அழித்துவிட்டு அவளுடையதைப் போட்டேன்.

"வேணாம் சார். முதலாளி பாத்தா நான் என்னமோ பண்ணிட்டேன்னு நெனப்பாங்க."

"பண்ணித்தானே இருக்க."

புதிய சிடி நாலு மணி பஸ்ஸில் போனது.

அவள் என் தவறை முதலாளி முன்னாலேயே கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அவர் வெளியே போகக் காத்திருந்ததில் பஸ் போயிருந்தால் என்ன செய்திருப்பாய் என்று பிறகு ஒருநாள் கேட்டேன். "மூணு இருவது வரைக்கும் பெருமாள்மலையில நிக்கும் சார். கணக்குப் போட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். அவங்க டீக்குப் போகலேன்னா அவங்க முன்னாடியே கேட்டிருப்பேன்" என்றாள். முதலாளி முன்னால் கேட்காததற்கும், தேவைப்பட்டால் கேட்டிருப்பாள் என்பதற்கும் இன்றுவரை அவளுக்கு நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

மறுநாள் முதலாளி படத்தின் பிரிண்டைப் பார்த்தார்.

"ஏங்க, பேரு மாறிக் கெடக்கே?"

"மாறலைங்க. அந்தப் பொண்ணுதான் சரி பாத்துச்சு" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தாம் வரைந்து முடித்த பம்பு அறைப் படத்தை எடுத்துக்கொண்டு என் மேசையைத் தாண்டிப் போய், அவள் மேசையில் வைத்தார். அதில் சரிபார்த்தவர் கட்டம் காலியாக இருந்தது.